பொதிகள் பலவானால்



இருந்த இடத்திலிருந்தே பொருள் வாங்கும் வழக்கம் புதியதன்று. பிரித்தானியாவில் 1883ஆம் ஆண்டிலேயே பொதி அஞ்சல் தொடங்கிவிட்டது. இன்றைய இணையக் கடையும் அவ்வழியே வந்ததுதான். ஆயினும், அனுப்புங் கட்டணத்தைக் கணிப்பதில் ஒரு நுட்பம் உண்டு.

ஒருவர் 1.2 கிலோ நிறையுள்ள பொருள்கள் மூன்றை ஒருங்கே வாங்குகிறார் என்க. கிலோவுக்கு 100 ரூபா கட்டணம். கிலோவின் பின்னமும் முழுக் கிலோவாகவே கொள்ளப்படும். ஒரே பொதியாயின் 3.6 கிலோ 4 ஆகி, 400 ரூபா வரும். மூன்று பொதிகளாயின் ஒவ்வொன்றும் 2 கிலோவாகி, 600 ரூபா வரும். கட்டணம் கட்டளைக்கன்று, பொதிக்கே உரியது.

நிறை மட்டுமன்றிப் பருமனும் கணக்கில் வரும். நீள, அகல, உயரங்களைச் சென்றிமீற்றரிற் பெருக்கி 5000 ஆல் வகுப்பது தூதஞ்சல் நிறுவனங்கள் பலவற்றின் முறை. 50, 40, 30 சென்றிமீற்றர் கொண்ட பெட்டியில் 2 கிலோ பஞ்சே இருப்பினும் 12 கிலோவுக்குரிய கட்டணம் அறவிடப்படும்.

மேலதிக 200 ரூபாவை யார் ஏற்பது? தம் களஞ்சியங்கள் வெவ்வேறிடத்தில் இருப்பதாற் பொதியைப் பிரிக்கும் வணிகர், அச்செலவை வாங்குவோர் தலையிற் சுமத்துவது முறையன்று. பொருளின் தன்மையாற் பிரிக்க நேர்ந்தால், பணம் பெறுமுன்னரே பொதிகளின் தொகையையும் ஒவ்வொன்றின் கட்டணத்தையும் தெரிவித்தல் வேண்டும். வாங்குவோரும் மொத்தத் தொகையை மட்டும் நோக்காது, பொதிகள் எத்தனை என வினவுதல் நன்று. முன்னரே சொல்லப்பட்ட கணக்கே நம்பிக்கையை வளர்க்கும்.