கொடுத்துத் தப்புவது தப்புவதாகாது

(கிரானில் கூடிய உழவர், கால்நடைப் பண்ணையாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிரானில் வந்து பாதுகாப்பைப் பற்றிப் பேசுக என்று கேட்கப்பட்டபோது நாம் சிறிது தயங்கினோம். பாதுகாப்பு என்பது யாது என இவ்வூர் மக்களுக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. கிழக்கே நெடுஞ்சாலை, மேற்கே வயலும் காடும் குடும்பிமலையும், அதற்கும் அப்பால் பொலன்னறுவை மாவட்ட எல்லை. மாரி வெள்ளம் புலிபாய்ந்தகல் வீதியை மூடினால் தோணியில் ஏறுகிறீர்கள். யானை நடமாடும் காலத்தில் தீப்பந்தத்தோடு காவலிருக்கிறீர்கள். வெள்ளத்தையும் விலங்கையும் எதிர்கொள்ளக் கற்ற நாம், வழிமறித்துக் கைநீட்டும் மனிதனை எதிர்கொள்ள மட்டும் இன்னும் கற்கவில்லை. அதனைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தை நினைத்துப் பாருங்கள். எழுவான்கரையில் ஓர் ஆட்சி, படுவான்கரையில் இன்னோர் ஆட்சி என்றிருந்த காலம் அது. 2002 பெப்ரவரி 22 ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான பின்னரும் அந்த எல்லை அழியவில்லை. செங்கலடிக் கறுத்தப் பாலத்தில் வரிசையில் நின்றோம். ஒரு பக்கத்தில் சோதனை. மறு பக்கத்தில் வரி. நெல்லைக் கொண்டுவந்தவனும் பசளையைக் கொண்டுபோனவனும் இரு பக்கத்துக்கும் பதில் சொல்லவேண்டியவனானான். 2007 யூலையில் குடும்பிமலை அரசபடைகளின் வசமானபோது அந்த எல்லை இல்லாமற் போயிற்று. ஆனால் அந்த எல்லை நம் நெஞ்சிற் பதித்த பாடம் போகவில்லை. 'எதையாவது கொடுத்தால்தான் அப்பாற் செல்லலாம்' என்பதே அப்பாடம்.

இன்று அதற்குத் 'தேத்தண்ணிக் காசு' என்று பெயர். மணல் ஏற்றிய உழவு இயந்திரம் மறிக்கப்படுகிறது, தேத்தண்ணிக் காசு. மாடு ஏற்றிய லொறி மறிக்கப்படுகிறது, தேத்தண்ணிக் காசு. விறகு, பால், நெல் என எதை ஏற்றினாலும் அதே பெயர். பத்திரம் இல்லாதவன் கொடுக்கிறான். பத்திரம் உள்ளவனும் நேரம் போகிறதே என்று கொடுக்கிறான். எல்லாப் பொலிசாரும் இவ்வாறு செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. மாரி மழையில் நனைந்து நின்று, வெள்ளத்தில் அகப்பட்டவரைத் தோளிற் சுமந்து கரைசேர்த்த பொலிசாரையும் நாம் கண்டிருக்கிறோம். கைநீட்டும் ஒருவன், நேர்மையாக உழைக்கும் அவருடைய சீருடைக்கும் இழுக்குத் தேடுகிறான்.

நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர். ஓர் அறுவடைக் காலத்தில், பொழுதுபடும் நேரம், நெல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் வந்துகொண்டிருந்தோம். வழியில் ஓரிடத்தில் மறித்தார்கள். பின்விளக்கு எரியவில்லை என்றார்கள், உண்மைதான், எரியவில்லை. வழக்கெழுதினால் நெல் இரவு முழுதும் அங்கேயே கிடக்கும் என்றார்கள். நாம் மடியிலிருந்த தாளொன்றை நீட்டினோம், இயந்திரம் புறப்பட்டது. தப்பினோம் என்று மகிழ்ந்தோம். அடுத்த கிழமை அதே இடத்தில் நம் அயல் வயற்காரர் மறிக்கப்பட்டார். 'அவர் தந்தாரே, உனக்கு என்ன?' என்று நம்மைக் காட்டியே அவரிடம் கேட்டார்களாம். அவரிடம் பணமில்லை. நடுச்சாமம் வரை மூட்டைகளோடு வீதியில் நின்றார். அன்று நாம் கொடுத்தது நமது விடுதலைக்கு விலையன்று. அயலவர் தலையில் நாம் ஏற்றிவைத்த வரி என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம். அந்த வெட்கத்தோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

கோலைக் கையிலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய கள்வனின் வழிப்பறிக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கேட்பவன் இனிமையாகக் கேட்டாலும் கையில் ஆயுதம் இருக்கிறது. ஆகவே அங்கே 'சந்தோசமாகக் கொடுத்தேன்' என்று சொல்வதற்கு இடமே இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் வாய்த்த நோய் என்று எண்ணவேண்டாம். ஹொங்கொங் நகரிலும் இதற்குத் தேநீர்க் காசு என்றுதான் பெயர். நோயாளியை ஏற்ற வந்த வண்டிக்காரனுக்குத் தேநீர்க் காசு. மருத்துவமனையில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்டாலும் தேநீர்க் காசு. 1973 இல் அந்நகரப் பொலிசின் உயர் அதிகாரிகளுள் ஒருவரான பீட்டர் கோட்பர், கணக்குக் காட்டமுடியாத பெருஞ்செல்வம் பற்றிய விசாரணைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடினார். பொறுத்துப் பொறுத்துச் சலித்த மக்கள் வீதிக்கு வந்தனர். 1974 இல் ஊழலை ஒழிப்பதற்கெனப் பொலிசாரின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத ஆணைக்குழு ஒன்று அங்கே அமைந்தது. ஓடிய அதிகாரி 1975 இல் பிடித்துவரப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். 'எங்கும் உள்ளதுதானே' என்று அந்த மக்கள் இருந்திருந்தால் இது நடந்திராது.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1954 ஆம் ஆண்டிலேயே இலஞ்சச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2023 செப்டெம்பர் 15. அந்த நாளை நீங்கள் நன்கு அறிவீர்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளைக் காக்கவேண்டி நம் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கிய நாளும் அதுவே. கொழும்பிலே ஒரு சட்டம் உயிர்பெற்ற அன்று, இங்கே ஒரு மக்கட்கூட்டம் வீதியோரத்தில் அமர்ந்தது. சட்டம் ஏட்டிலே கிடந்தால் போதாது. அதனைக் கேட்டு எடுக்க மக்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அச்சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குவது குற்றம், கொடுப்பதும் குற்றம். கொடுத்தவன் வாயடைத்துப்போவதன் காரணம் இதுவே. ஆகவே முறைப்பாடு செய்யவேண்டிய வேளை கொடுத்த பின்னர் அன்று, கேட்ட உடனே. 'நாளை கொண்டுவா' என்று எவரேனும் சொன்னால், அந்த நாளை என்பதே உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. இலஞ்ச ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. இலஞ்சச் சட்டம் பிறந்த ஆண்டே அந்த இலக்கம், மறக்கவேண்டியதில்லை. முன்கூட்டி அறிவித்தால், வாங்கும் வேளையிலேயே பிடிப்பதற்கு அவர்கள் ஆளனுப்புவது வழக்கம்.

இனி, வீதியில் மறிக்கப்படும்போது நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, பத்திரங்களை ஒழுங்காக வைத்திருங்கள். மாடு கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் வழிவந்த முறை. மணலுக்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். மாட்டின் குறியும் பத்திரத்திலுள்ள குறியும் ஒத்திருக்கின்றனவா என்று பட்டியை விட்டுப் புறப்படுமுன்பே பாருங்கள். கைநீட்டுபவனுக்கு நாமே கொடுக்கும் கயிறு, நம்மிடம் இல்லாத பத்திரமே.

இரண்டாவது, பிழை நம்முடையதானால் வழக்கை எழுதச் சொல்லுங்கள். சிறு வீதிக் குற்றங்களுக்குப் பொலிசார் தண்டச் சீட்டு எழுதித் தருவர். அந்தப் பணத்தைத் தபாற்கந்தோரிற் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறலாம். வீதியில் வைத்து எவர் கையிலும் பணம் கொடுக்கவேண்டும் என்ற விதி இல்லை. 'ஐயா, சீட்டு எழுதுங்கள்; தபாற்கந்தோரிற் கட்டுகிறேன்' என்ற ஒரு வாக்கியத்தைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லப் பழகுங்கள். வாக்குவாதம் வேண்டா, வசை வேண்டா, ஓட்டம் வேண்டவே வேண்டா. இடத்தையும் நேரத்தையும் இலக்கத்தையும் மனத்திற் பதித்து வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, கைது செய்வதாகச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். காரணம் சொல்லாமற் கைது செய்யலாகாது என்பது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டவர், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுசெல்லப்பட வேண்டும். பெண்களைப் பெண்ணே சோதனையிட வேண்டும். இவற்றை அறியாமல் நாம் அஞ்சுவதற்கும் காரணமுண்டு. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அடைபட்டதைக் கண்ட தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த அச்சத்தை முதலாக வைத்தே சிலர் வியாபாரம் நடத்துகிறார்கள். விளக்கு எரியாத குற்றத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை அறிந்தால், அச்சத்திற் பாதி அகன்றுவிடும்.

நான்காவது, புரியாத மொழியில் எழுதப்பட்டதன் அடியிற் கையொப்பம் இடாதீர்கள். 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோது, அதன் வலி முதலில் தெரிந்த இடங்களுள் ஒன்று பொலிஸ் நிலையத்து மேசை. இன்று அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. முறைப்பாட்டையும் வாக்குமூலத்தையும் தமிழிற் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. தமிழில் எழுதுங்கள், இன்றேல் தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஐந்தாவது, அநீதி நடந்துவிட்டால் காலத்தைக் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு மாதமே தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அத்தவணையிற் சேராது. அதன் தொலைபேசி இலக்கம் 1996. மட்டக்களப்பிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவ்வளவும் கேட்ட ஓர் உழவர் எழுந்து, 'ஐயா, சீட்டு வாங்கினால் தபாற்கந்தோருக்கு ஒரு நாள். வழக்கென்றால் நீதிமன்றத்துக்கு நாலு நாள். வயலை யார் பார்ப்பது?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நேர்மைக்கு விலை உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த விலையை ஒருவன் தனியே சுமப்பதனாலேதான் அது தாங்கமுடியாததாகிறது. கமக்காரர் அமைப்பும் கால்நடை வளர்ப்போர் சங்கமும் எதற்கு இருக்கின்றன? பசளை வரும் நாளில் மட்டும் கூடுவதற்கா? ஒவ்வொரு சங்கமும் ஒரு கொப்பி வைக்கட்டும். எங்கே, எப்பொழுது, யாரிடம், எவ்வளவு கேட்கப்பட்டது என்று அதில் எழுதட்டும். பத்துப் பேரின் கொப்பி, பொறுப்பதிகாரியின் மேசைக்கும் பிரதேச செயலாளரின் மேசைக்கும் போகும்போது, அதனை ஒருவனின் பொய்யென்று தள்ளமுடியாது. வழக்குக்குப் போகிறவனின் வயலுக்கு மற்றவர்கள் தண்ணீர் பாய்ச்சட்டும். பட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பட்டும். யானைக்காட்டு வழியிலே தனியே போகாத நாம், பொலிஸ் நிலையத்துக்கு மட்டும் ஏன் தனியே போகிறோம்?

கற்றவர்களிடமும் ஒரு சொல். ஆசிரியர்களே, வைத்தியர்களே, உத்தியோகத்தர்களே, சட்டத்தரணிகளே! நம்மை மறித்தால் நாம் என்ன செய்கிறோம்? தெரிந்த பெரியவர் ஒருவருக்குத் தொலைபேசி எடுக்கிறோம்; மரியாதையோடு அனுப்பப்படுகிறோம். நமக்குப் பின்னால் நிற்கும் பால்காரனுக்கு அழைப்பதற்கு யார் இருக்கிறார்? நமக்குக் கிடைத்த சலுகையும் அவன் கொடுத்த காசும் ஒரே நோயின் இரு முகங்கள். சலுகை பெறுவதை விட்டு, சாட்சி சொல்ல முன்வாருங்கள். கிழமையில் ஒரு மாலை சங்கத்துக்கு வந்து, முறைப்பாட்டை ஒழுங்காக எழுதிக் கொடுங்கள். கிரானிலே கற்றவன் செய்யக்கூடிய அரசியல் அதைவிட வேறில்லை.

அன்று நம்மால் நடுச்சாமம் வரை வீதியில் நின்ற அந்த அயலவர் இன்றும் நமக்குப் பக்கத்து வரம்பிலேதான் வேளாண்மை செய்கிறார். ஒரு நாளும் நம்மைக் குறைகூறியதில்லை. அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்க நமக்கு இன்னும் கூசுகிறது. இனி நம்மை மறித்தால், நெல் விடியும்வரை கிடக்கட்டும். சீட்டை எழுதச் சொல்வோம். நீங்களும் சொல்லுங்கள்.