கடல் கடக்குமுன்

(நமது வாலிபர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அயல்நாட்டில் நெடுங்காலம் தங்கச் செல்வோர் புறப்படுமுன் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இதைப் பேச என்னிலும் தகுதியுடையோர் இச்சபையில் பலர் உளர். கட்டாரிலும் குவைத்திலும் பல வருஷம் உழைத்துத் திரும்பியவர்களை முன்வரிசையில் காண்கிறேன். நானோ பட்டப் பரீட்சையை இன்னும் முடிக்காதவன். முடிந்ததும் மேற்படிப்புக்காகக் கடல் கடக்க இருப்பவன். ஆகவே பெட்டி கட்டத் தொடங்கிய ஒருவனின் பேச்சாகவே இதைக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நமது குடாவின் தென்கரையில், கொட்டியாரத்தில், 1659ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் வந்து தங்கியது. புயலில் இழந்த பாய்மரத்துக்குப் பதிலாக வேறொன்றை நாட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதே கப்பற் தலைவரின் எண்ணம். அடுத்த ஆண்டிலே கண்டி அரசனின் ஆட்கள் அவரையும், பத்தொன்பது வயதுடைய அவர் மகன் றொபேட் நொக்ஸையும், வேறு பலரையும் சிறைபிடித்துச் சென்றார்கள். தந்தை ஓராண்டு முடியுமுன் நோயுற்று இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடையும்வரை பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிலேயே காலங்கழித்தான். நான் படித்த மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்தில், 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலின் மறுபதிப்பொன்று இருந்தது. அரசனைப் பற்றியும் யானைகளைப் பற்றியும் அவன் எழுதியவற்றை ஆசிரியர்கள் வாசிக்கச் சொன்னார்கள். எனக்கோ மனத்தில் நின்றது வேறொன்று. அவனிடம் எஞ்சியவை இரண்டு சமய நூல்கள். அவற்றை மனப்பாடமாகும்வரை திரும்பத் திரும்ப வாசித்தான். தொப்பி பின்னி விற்றுச் சீவித்தான். பின்னொரு நாள் ஒரு கிழவரிடம் இருந்த ஆங்கில வேதாகமத்தைக் கண்டு, ஒரு பின்னல் தொப்பியை விலையாகக் கொடுத்து வாங்கினான். ஆயத்தமின்றி அயல்நாட்டில் அகப்பட்டவனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாக எது தேவைப்பட்டது என்பதை இதிலே காணலாம்.

நொக்ஸைப் போல ஆயத்தமின்றிப் போனவர்கள் நம்மவரிலும் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இம்மாவட்டத்துக் குடும்பங்கள் பல, உடுத்த உடையோடு புறப்பட்டுப் படகேறி இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் பெயர் பதிந்தன. சில கிழமைகளில் திரும்பலாம் என்று எண்ணிப் போனவர்களுள் இருபது வருஷம் தங்கியவர்களும் இருக்கிறார்கள்; திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். காணி உறுதி எரிந்து போனதையும், முகாமிற் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதியச் சென்னையிலுள்ள நமது நாட்டுத் துணை உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்கு அலைந்ததையும் அவர்கள் வாயால் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நமக்கோ விமானச் சீட்டின் திகதி முன்கூட்டியே தெரிகிறது. இரண்டு மாதம், மூன்று மாதம் கையில் இருக்கிறது. அந்த மாதங்களை நாம் என்ன செய்கிறோம்? பெட்டி வாங்குகிறோம், குளிர்ச்சட்டை வாங்குகிறோம், மிளகாய்த்தூள் இடித்துக் கட்டுகிறோம், விருந்துக்குப் போகிறோம்.

முறையாக ஆயத்தம் செய்துகொண்டு போன ஒருவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கணித மேதை இராமானுஜனை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுதுவினைஞராக இருந்தவர் என்பதைத் துறைமுகத்தை அண்டி வாழும் நாம் கொஞ்சம் உரிமையோடு நினைத்துக்கொள்ளலாம். 1913 ஜனவரியில் அவர் கேம்பிறிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து அழைப்பு வந்தபோது முதலில் மறுத்துவிட்டார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஒவ்வாதது என்று அவர் குடும்பத்தார் கருதிய காலம் அது. (கடலோரத்திலே பிறந்த நமக்கு இது விளங்குவது கடினம், நம் பாட்டன்மார் கடல் கடக்காதிருந்தால் பட்டினி கிடந்திருப்பார்கள்.) தாயார் கனவிலே நாமக்கல் நாமகிரித் தாயார் தோன்றி விடைகொடுத்ததாகவும், அதன் பின்னரே அவர் இசைந்ததாகவும் சொல்லப்படுகிறது.

பின்பு ஆயத்தங்கள் நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுண் வீட்டாருக்கென்று முதலிலேயே ஒதுக்கப்பட்டது. நண்பர்கள் ஐரோப்பிய உடை அணிவித்தார்கள். கத்தியும் முட்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். குடுமி களையப்பட்டது. அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17ஆம் திகதி 'நெவாசா' என்னும் கப்பலில் புறப்பட்டார். அவருக்கு வயது 26. மனைவி ஜானகி அம்மாளுக்குப் பதினைந்து வயதும் நிறையவில்லை.

இனிக் கேம்பிறிட்ஜில் நடந்ததைக் கேளுங்கள். வங்காளத்திலிருந்து அங்கு படிக்க வந்திருந்த மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர், ஒரு நாள் இராமானுஜனைப் பார்க்கச் சென்றார். இரவில் குளிர் தாங்க முடியாமல் மேற்சட்டையோடும் சால்வையோடும் படுப்பதாக இராமானுஜன் சொன்னார். போர்வை இல்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குட் சென்று பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. அந்நாட்டு வழக்கப்படி அவற்றை மெத்தையின் கீழே இறுகச் செருகியிருந்தார்கள். விளிம்பை இழுத்து உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று இவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறர் கண்ணிற் படும் கத்தியையும் முட்கரண்டியையும் பற்றிச் சென்னையில் சொல்லிக்கொடுத்தார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் படுக்கையைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார் இல்லை.

உணவும் அவ்வாறே. மரக்கறி உண்பவர், தாமே சமைத்து உண்டார். சென்ற வருஷமே உலக யுத்தம் மூண்டது. மரக்கறி கிடைப்பது அரிதாயிற்று. 1917இல் நோயுற்று வைத்தியசாலைகளிலே காலங்கழித்தார். 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1919இல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26இல், 32ஆம் வயதில் காலமானார். குளிரும் உணவும்தாம் அவரைக் கொன்றன என்று நான் சொல்ல வரவில்லை. அக்காலத்து வைத்தியர்கள் காசநோய் என்றார்கள். பிற்காலத்தில் குறிப்புகளை ஆராய்ந்த வைத்தியர் ஒருவர், பழைய வயிற்றோட்டத்தின் கிருமி ஈரலிலே தங்கியதால் வந்த நோயாகலாம் என்கிறார்.

என்னை வருத்துவது கடிதக் கதை. வீட்டிலே மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்கள் கணவர் கையிற் சேராதபடி மாமியார் தடுத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கடலுக்கு அப்பால் நோயிற் கிடந்தவருக்கு மனைவியின் செய்தி எட்டவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியபோது தாயாரும் தம்பியும் காத்திருந்தார்கள், மனைவி இல்லை. அவ்வம்மையார் பின்னர் தையல் வேலை செய்து சீவித்து 1994 வரை வாழ்ந்தார்.

எந்த எண்ணையும் விட்டுவைக்காத அந்த மூளைக்கு, நான் போன பின்பு வீட்டில் யாருக்கு யார் கடிதம் வாசித்துக் காட்டுவார் என்னும் கணக்கு மட்டும் எட்டாமற் போயிற்று.

இது பழங்கதை, இன்று கைபேசி இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் நம் வீடுகளைப் பாருங்கள். அந்தக் கைபேசி யார் கையில் இருக்கிறது? அம்மம்மாவுக்கு அதைத் திறக்கத் தெரியாது. தம்பி வெளியே போனால் அதுவும் கூடப் போய்விடும். மகன் வாட்ஸ்அப்பில் அழைக்கும்போது அருகிலிருப்பவர் சொல்வதுதான் வீட்டுச் செய்தி. மனைவிக்குச் சொல்ல ஒன்றிருக்கும். மாமியார் பக்கத்தில் நிற்பார். ஒன்றும் இல்லை, எல்லாரும் சுகம் என்று முடித்துவிடுவாள். ஆகவே போகிறவர் வீட்டிலுள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேச ஒரு வழியையும் ஒரு நேரத்தையும் புறப்படுமுன்பே எல்லார் முன்னிலையிலும் வகுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பிறகு அங்கிருந்துகொண்டு வகுக்க முனைந்தால், யாரோ ஒருவர்மேற் குறை சொன்னதாக முடியும்.

இதற்கு முன்னே செய்ய வேண்டிய காரியமும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் ஒரு வேலிக் கதியாலை முன்னிட்டு இரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. நான் இங்கிருக்கும்வரை அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நான் இருபக்கமும் போய் வருகிறேன். நான் போய்விட்டால், இரவிலே அம்மாவுக்கு நெஞ்சு நொந்தால், கூப்பிடு தூரத்தில் இருப்பவர் சித்திதான். ஆதலால் குளிர்ச்சட்டை வாங்குவதை ஒத்திவைத்துவிட்டு, இந்த மாதம் வேலியைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்திருக்கிறேன். எப்படி முடியுமோ தெரியாது. இருவரும் இச்சபையில் இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 50 பவுண் என்று தொகை முதலிலேயே வரையறுக்கப்பட்டதை நினைவிற் கொள்ளுங்கள். நம் வாலிபன் புறப்படும்போது தொகை எதையும் வரையறுப்பதில்லை. வீட்டைக் கட்டுவான், தங்கச்சியின் சீதனம் பார்ப்பான், தம்பியைக் கூப்பிடுவான் என்று வழியனுப்புகிறவர்கள் சொல்கிறார்கள், அவனும் தலையசைக்கிறான். அந்தத் தலையசைப்பைக் கடனாகக் கொண்டு, அங்கே ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்து, பகலுணவைக் குறைத்து உழைக்கிறான். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்: மாதம் இவ்வளவு, இத்தனை வருஷம் என்று அவன் வாயால் ஒரு தொகை சொல்லட்டும், அதற்கு மேல் கேட்பதில்லை என்று வீட்டார் சொல்லட்டும். சீதனத்துக்காக ஒருவன் தன் இளமையைப் பாலைவனத்திலே கழிப்பதைப் பற்றி இச்சங்கம் வேறொரு நாள் விவாதித்தாலும் நன்றே.

தொழிலுக்குப் போகிறவர்கள், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்துகொண்டே போக வேண்டும். முகவர் காட்டும் ஒப்பந்தத்தைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாக வாசித்துப் பொருள் கேளுங்கள். அதன் பிரதியும், கடவுச்சீட்டின் பிரதியும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதியும் வீட்டில் ஒரு கட்டு, ஊரில் நம்பத்தக்க வேறொருவரிடம் ஒரு கட்டு இருக்கட்டும். 1990ஐக் கண்டவர்களிடம் ஏன் இரண்டு கட்டு என்று கேட்டால் சொல்வார்கள்.

சகோதரர்களுக்கு மட்டும் ஒரு சொல். இன்று முதல் அடுப்படிக்குப் போங்கள். சோறு வடிக்கவும் பருப்புக் கறி வைக்கவும் தெரியாமல், தின்ற கோப்பையைக் கழுவாமல், இருபத்திரண்டு வயதுவரை வளர்ந்திருக்கிறோம். சகோதரிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை; அவர்கள் சிரிப்பது கேட்கிறது.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டில் இருந்து திரும்பிய பெரியோர்களில் மூவர் இசைந்தால், மாதம் ஒரு மாலை இம்மண்டபத்தில் அமர்ந்து, போக இருப்பவர்கள் கேட்பவற்றுக்கு விடை சொல்லலாம். பேச்சு வேண்டாம், மேடையும் வேண்டாம். கட்டாரில் நண்பகல் வெயிலில் வேலை எப்படி, குளிர்நாட்டில் என்ன சப்பாத்து, வாடகை வீட்டுக்கு முற்பணம் எவ்வளவு, சுகவீனம் வந்தால் முதலில் யாரிடம் போவது, அந்நாட்டுக் குளியலறையில் எந்தக் குழாயை எப்படித் திருப்புவது என்பன போன்ற, கேட்கக் கூச்சப்படும் கேள்விகளுக்கே அந்த மாலை. பெண்கள் கேட்பவற்றுக்கு, போய்வந்த தாய்மார் ஒருவர் தனியாக அமர்ந்தால் மிக நல்லது. கேட்பவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை. நாள் குறிக்கப்படுமானால், முதற் கேள்வியோடு நான் வந்திருப்பேன்.