அந்நிய நாணயமும் அயல்நாட்டுக் கல்வியும்

காணியை ஈடுவைத்து மகனை இலண்டனுக்குப் படிக்க அனுப்ப முற்படும் தந்தை ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். ஆண்டு 1960களில் ஒன்று. ஈட்டுப் பணம் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் அது ரூபா. கல்லூரி கேட்பதோ பவுண். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குப் பணம் மாத்திரம் போதாது, அனுமதியும் வேண்டும் என்பதை வங்கிக்குச் சென்ற பின்னரே அவர் அறிகின்றார்.

மத்திய வங்கி 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆந் திகதி தொடங்கப்பெற்றது. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்நிய நாணயத்தின் கொள்வனவையும் விற்பனையையும் அவ்வங்கியின் மேற்பார்வைக்குள் கொணர்ந்தது. அதிகாரம் பெற்ற வணிக வங்கிகளே பவுணை விற்கலாம். அவையும் விதிக்கப்பட்ட நோக்கங்களுக்கே விற்கலாம்.

இக்கட்டுப்பாடு வீம்புக்காக எழுந்ததன்று. பவுணும் டொலரும் இந்நாட்டில் அச்சிடப்படுவன அல்ல. தேயிலையும் இறப்பரும் தெங்குப் பொருள்களும் கப்பலேறினாலன்றி அவை வந்து சேரா. கொரிய யுத்த காலத்தில் இறப்பர் விலை ஏறியது; பெட்டி நிறைந்தது. 1952இல் விலை இறங்கப் பெட்டியும் குறைந்தது. அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் மருந்துக்கும் அதே பெட்டியிலிருந்தே எடுத்தல் வேண்டும். ஊர்சுற்றிப் பார்க்க விரும்புவோரும் அதே பெட்டியையே நாடுகின்றனர்.

ஆகவே பயணத்திற்குக் கைச்சிக்கனம் காட்டுவதில் நியாயமுண்டு. கல்வியின் நிலை வேறு. உள்நாட்டிலேயே கற்கக்கூடியதைக் கடல்கடந்து கற்பானேன் என்று அதிகாரி வினவுவது தவறன்று. ஆனால் அவ்வினாவிற்கு விடை பகரும் கோப்பு மேசைக்கு மேசை நகருங்கால், கல்லூரித் தவணை அதற்காகக் காத்திருப்பதில்லை. மறுப்பைக் காட்டிலும் தாமதமே மாணவனுக்குப் பெருங்கேடு.

1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. ஒரே டொலருக்கு இரண்டு விலைகள் ஏற்பட்டன. சான்றிதழுக்குத் தொடக்கத்தில் நூற்றுக்கு 44 மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1977 நவம்பரில் அவ்விரட்டை விலை ஒழிந்து, டொலரொன்று ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. 1994இல் பயணம், கல்வி முதலிய நடைமுறைக் கொடுப்பனவுகளுக்கான தடைகளை நீக்குவதாக இலங்கை சர்வதேச நாணய நிதியத்திற்கு உறுதியளித்தது. பழைய சட்டத்தின் இடத்தை 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் ஏற்றது.

எனினும் சட்டம் வழிவிட்டாலும் பெட்டி வெறுமையாயின் பயனென்ன? 2022இல் வங்கிகளிலேயே டொலர் அரிதாயிற்று. மார்ச்சு தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 5,000 டொலர் கட்டணத்திற்குப் பத்து இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்த குடும்பம், இரண்டே மாதத்தில் பதினெட்டு இலட்சம் தேடவேண்டியதாயிற்று. இதற்கு எந்த அதிகாரியின் கையொப்பமும் தேவைப்படவில்லை.

இத்தகைய வேளைகளிலேதான் உண்டியல்காரர் வாசலுக்கு வருவர். வங்கியிற் கிடையாத டொலரை அவர் தருவார். சிலவேளை விரைவாகவுந் தருவார். பற்றுச்சீட்டு மட்டும் தரமாட்டார். விசா வழங்கும் அலுவலர் பணம் வந்த வழியைக் கேட்கும்போது மாணவனிடம் காட்டுவதற்கு ஏதும் இராது. அனுமதிக் கடிதத்தையும் கட்டண விபரத்தையும் வங்கியில் ஒப்படைத்து, கல்லூரியின் கணக்கிற்கே நேராகப் பணம் அனுப்புவிப்பவனிடம் அச்சீட்டு இருக்கும். தவணை தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்னரே அவன் வங்கிக்குச் சென்றிருத்தல் வேண்டும்.