கடல்நீர் புகுந்த வயலும் கிணறும்



வானம் தெளிந்து காற்றும் அடங்கியிருக்கும் நாளிலும் கடல் பொங்கிக் கரையேறுவதுண்டு. தொலைதூரத்துப் புயலால் எழுந்த அலைகள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, கடற்பெருக்குடன் சேர்வதே இதற்குக் காரணமாகும். 2007ஆம் ஆண்டு மே மாதத்தில் மாலைதீவின் பல தீவுகளில் இவ்வாறே கடல் புகுந்தது. தென்னிந்தியக் கரையில் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 3 அடிக்கும் குறைவே. ஆயினும் தலைப்பிறையையும் பதினான்காம் பிறையையும் அடுத்த நாட்களில் பெருக்கு உயரும். பிறை பார்த்து நோன்பு நோற்கும் நமக்கு இந்நாட்களை அறிதல் அரிதன்று. அப்போது கடல் கொந்தளிக்கும் என்ற அறிவித்தல் வந்தால், தோணாவையும் முகத்துவாரத்தையும் அடுத்த வயல்களின் வரம்புகளை உயர்த்தி, வக்கடைகளை அடைத்துவிட வேண்டும்.

அதையும் மீறி நீர் புகுந்தால் தாமதிக்கலாகாது. 1 ஏக்கர் வயலில் 1 அங்குல உயரம் நின்ற கடல்நீர் அங்கேயே வற்றினால், 3½ தொன்னுக்கு மேற்பட்ட உப்பு மண்ணில் தங்கிவிடும். ஆகவே வெயிலில் வற்றவிடாது, கடல் இறங்கும் வேளையில் வக்கடையைத் திறந்து வடித்துவிடுங்கள். பின்னர் வாய்க்கால் நீரைக் கட்டி, ஓரிரு நாள் நிறுத்தி வடிப்பதை இரண்டு மூன்று முறை செய்தல் நன்று. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெற்பயிர் உப்பைத் தாங்காது. உவரேறிய வயலில் அடுத்த போகத்திற்கு ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனத்தை விதைக்கலாம்.

கிணற்றைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின், கிழக்குக் கரையோரக் கிணறுகள் பலவற்றை இயந்திரங்கொண்டு திரும்பத் திரும்ப இறைத்தனர். உவர் எளிதில் நீங்கவில்லை. பெருமழையே அதனைக் கழுவியது. நமது மணற்றரையின் அடியில் நன்னீரானது உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். ஆதலால் புகுந்த நீரையும் சேற்றையும் ஒரு முறை மெதுவாக இறைத்து, கிணற்றுக்கு அப்பால் ஓடவிட்டு, மாரி மழைவரை பொறுத்திருங்கள். அதுவரை அந்நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குப் பாய்ச்ச வேண்டாம். குடிநீரை வேறிடத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஐயமிருப்பின், விதைப்பதற்கு முன்னரே உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுமாறு வேண்டுகின்றேன்.