தேய்ப்புப் பெட்டி தந்த இன்பம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச அழைத்த செயலாளர், "தலைப்பு உங்கள் விருப்பம்" என்றார். துணி தேய்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, "பேசுங்கள் அம்மா" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி. சங்க இலக்கியமும் இடையில் வரும். அவையோர் கவலைப்பட வேண்டாம்.

நான் பெரம்பலூரில் குடியிருந்து அரியலூரில் பணிபுரிகிறவள். நாள்தோறும் போக ஏறத்தாழ 30 கிலோமீட்டர், வர அதே தொலைவு. பருத்திச் சேலைக்கு இவ்வழித்தடத்தைவிடப் பெரிய சோதனை இல்லை. நெரிசலில் கொசுவம் கசங்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் வெண்புழுதி மடிப்புகளில் வந்து படியும். ஆகவே தேய்த்த சேலை எனக்கு ஆடம்பரமன்று. வகுப்பறைக்குள் நுழைவதற்கு வேண்டிய துணிவு.

பல ஆண்டுகளாக எங்கள் தெருமுனை வேப்பமர நிழலில் வண்டி நிறுத்தியிருந்த ஓர் அண்ணனிடமே எங்கள் துணிகளைக் கொடுத்துவந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அலுவலகமும் திருமணமும் இல்லாத ஊரில் தேய்த்த சட்டை யாருக்கு வேண்டும்? அவர் தம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கல்லூரி மீண்டும் திறந்தபோது வேப்பமர நிழல் வெறுமையாகவே கிடந்தது. வேறு வழியின்றிப் பரணிலிருந்த மின்தேய்ப்புப் பெட்டியை இறக்கினேன்.

தொடக்கத்தில் அது தண்டனையாகவே இருந்தது. செயற்கை இழை கலந்த சேலை ஒன்றின் முந்தானையில் பெட்டியின் முகம் அப்படியே பதிந்துவிட்டது. துணியின் உட்புறச் சீட்டில் தேய்ப்புப் பெட்டிப் படமும் அதனுள் புள்ளிகளும் இருக்குமே, அவற்றின் பொருளை அன்றுதான் தேடிப் படித்தேன். அப்போதைய விதிப்படி ஒரு புள்ளி என்றால் 110 பாகை செல்சியஸ் வரை; இரண்டு என்றால் 150; மூன்று என்றால் 200. நூற்பாவுக்கு உரை தேடிப் பழகிய எனக்கு இந்தப் புள்ளிகளின் உரை தெரியாமற் போயிற்று.

ஒரு மாதம் கடந்தபின், ஞாயிற்றுக்கிழமை மாலையை நான் எதிர்நோக்கத் தொடங்கியிருப்பதை உணர்ந்தேன். துணிமேல் தெளித்த நீர் சூட்டில் சீறி ஆவியாகும் ஓசை. கஞ்சி போட்ட பருத்தியிலிருந்து எழும் சோற்று மணம். கழுத்துப்பட்டை, கைமுனை, கை, தோள், முதுகு, முன்புறம் என ஒரு சட்டைக்குள்ள ஒழுங்கு. எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது தலையணை உறைதான். நான்கே இழுப்பில் முழுமை பெறும் பொருள் வீட்டில் வேறு எது? முனைவர் பட்ட ஆய்வேட்டிற்கு நான் பல ஆண்டுகள் உழைத்தேன். அதன் எந்த இயலும் இத்தனை நேராக அமைந்ததில்லை.

சுருக்கம் ஏன் நீங்குகிறது என்பதும் அறியத்தக்கது. பருத்தி இழையிலுள்ள செல்லுலோசு மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்புகள் பற்றி நிற்கின்றன. நீரும் வெப்பமும் சேர்ந்து அப்பிடியைத் தளர்த்துகின்றன. அந்நிலையில் அழுத்தி நேராக்கினால், ஈரம் உலர்ந்து துணி ஆறும்போது பிணைப்புகள் புதிய நிலையிலேயே மீண்டும் பற்றிக்கொள்கின்றன. பருத்தி விளையும் கரிசல் மண்ணில் வாழும் நாம், நம் காட்டில் வெடிக்கும் காய்க்குள் இத்தகைய நுட்பம் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வின்பத்தில் ஆழ்ந்திருந்த ஒரு மாலையில்தான் இளமை நினைவொன்று வந்து குறுக்கிட்டது. உடையார்பாளையம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் தேய்ப்புப் பெட்டி இல்லை. என் சீருடைத் தாவணியை அம்மா மடித்துப் பாயின்கீழ் வைப்பார். தேர்வுநாள் என்றால் பித்தளைச் செம்பில் அடுப்புத் தணலை அள்ளிப் போட்டு, அதன் அடிப்பாகத்தால் தேய்த்துத் தருவார். அந்தச் செம்பின் சூடு அம்மாவின் முகத்தில் தெரியும். அது இனிய நினைவு.

இனிமையற்றது ஒன்றும் உண்டு. எங்கள் ஊர்த் துணிகளை வெளுத்துத் தந்த மூதாட்டி மாலைதோறும் கொல்லைப்புறத்தில் பாத்திரத்துடன் வந்து நிற்பார். அவர் தொழிலுக்குக் கூலி பெரும்பாலும் அந்தச் சோறுதான். என் பாட்டியின் வயதுடைய அவரை நான் பெயர் சொல்லி அழைத்தேன். அவரோ என்னைச் "சின்னம்மா" என்றார். அதில் தவறிருப்பதாக வீட்டில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இனிச் சங்க இலக்கியம். நற்றிணையின் 90ஆம் பாடலில் அஞ்சில் அஞ்சியார் விழாக்கொண்டாடும் மூதூர் ஒன்றைக் காட்டுகிறார். அவ்வூரில் துணி வெளுக்கும் புலைத்தியின் கைக்கு ஓய்வில்லை. இரவிலே கஞ்சியில் தோய்க்கிறாள். அவள் வெளுத்த கலிங்கத்தை உடுத்து ஊஞ்சலருகே நிற்பவள் வேறொருத்தி. பாடல் இந்த இரண்டாமவளைப் பற்றியது; ஆயினும் புலவர் ஓயாத அந்தக் கையை விட்டுவிடவில்லை. இப்பாடலைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கலிங்கம் என்ற சொல்லுக்கு விளக்கம் சொன்னேன். கையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. சேக்கிழார் பாடிய திருக்குறிப்புத் தொண்டரும் காஞ்சியில் வாழ்ந்த ஏகாலியர். பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாக அடியவர்க்குச் சொன்ன சொல், மழையால் பொய்த்துவிடுமோ என்று துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். பக்திக் கதையாகவே நான் படித்த அதில், ஒரு தொழிலாளியின் வாக்கு நாணயமும் இருப்பதை இப்போதுதான் காண்கிறேன்.

மறு ஆண்டு அந்த அண்ணன் திரும்பி வந்தார். நான் தேய்த்த சேலையைக் கண்டு, "நம்ம பொழைப்புக்கே போட்டியா டீச்சரம்மா?" என்று சிரித்தார். "அண்ணே, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அவரிடம் கணக்குத் தவிர வேறெதுவும் நான் கேட்டதில்லை. சற்று யோசித்துச் சொன்னார்: "காலர் நல்லா அமைஞ்சிட்டா ஒரு திருப்திதாம்மா. மொத பத்து உருப்படிக்கு அது இருக்கும். அப்புறம் தோள்பட்டைதான் தெரியும்."

அவையோரே, என் இன்பத்தின் அளவு அந்தப் பத்து உருப்படிதான். பதினோராவதை நான் நாளைக்கு ஒத்திவைக்கலாம், அவரால் இயலாது. ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட கரிப்பெட்டியை நாள் முழுவதும் இழுத்து, அதன் புகையையும் சுவாசித்தவர் அவர். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், இத்தகையோர் கரி எரிப்பதைக் கண்டு சூரிய ஆற்றலில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்தார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள்முன் உரையாற்றினார். தெருமுனை வண்டியை நாமும் தினந்தோறும் கண்டோம். பார்த்தவர் அச்சிறுமிதான்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டைகள் மீண்டும் அண்ணனிடமே செல்கின்றன. அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். என் சேலைகளும் தலையணை உறைகளும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எனக்காகக் காத்திருக்கின்றன. அந்த இன்பத்தை நான் விட்டுவிடவில்லை; விடவேண்டியதுமில்லை. ஆனால் பெட்டியைச் சூடேற்றும்போதெல்லாம் கொல்லைப்புறத்தில் நின்ற அம்மூதாட்டியை ஒருமுறை "பாட்டி" என்று மனத்துக்குள் அழைத்துக்கொள்கிறேன். அவர் செவிக்கு அது எட்டாது. நற்றிணை வகுப்பில் அமரும் என் மாணவர்களுக்கேனும் எட்டட்டும் என்று, இவ்வாண்டு முதல் அந்தக் கையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.