சாவியைக் காத்தவர்கள்

(மதச்சார்பின்மைப் பாதுகாப்புக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



கொல்கத்தாவின் பிராபோர்ன் சாலையை ஒட்டிய பகுதி, நடந்தே சுற்றிவரக்கூடிய சிறு வட்டாரம். 1724இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம், 1799இல் நிறைவுற்ற போர்ச்சுகீசியத் தேவாலயம், 1884இல் கட்டப்பட்ட மாகேன் டேவிட் யூத வழிபாட்டுக் கூடம் ஆகியவை அங்கே அருகருகே நிற்கின்றன. சற்றுத் தள்ளி, 1926இல் அடிக்கல் நாட்டப்பட்ட நாகோதா மசூதி இருக்கிறது.

இவற்றை வெறும் நல்லிணக்கக் காட்சியாகப் பார்த்துப் பரவசப்படுவது போதாது. மாகேன் டேவிட் கூடத்தைக் கட்டிய எஸ்ரா குடும்பத்தின் செல்வம் அபினியிலும் அவுரியிலும் திரண்டது. அதே அவுரிச் சாகுபடியின் கொடுமையை எதிர்த்துத்தான் 1859இல் வங்க விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர்.

ஒரு காலத்தில் சில ஆயிரம் பேராக இருந்த கொல்கத்தா யூதர்கள், 1947க்குப் பின் பெரும்பாலும் வெளிநாடுகளில் குடியேறிவிட்டனர். இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆயினும் கூடம் பாழடையவில்லை. ஒடிசாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த முஸ்லிம் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாக அதைப் பெருக்கி, துடைத்து, சாவியைக் காத்து வருகின்றனர். யூதர்கள் நிறுவிய பெண்கள் பள்ளியில் இன்று படிப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகளே. மாறாக, அருகிலுள்ள எஸ்ரா தெருவின் பழைய பார்சி அக்னி ஆலயம், பராமரிப்பாரின்றி மின்விளக்குக் கடைகளின் நெரிசலில் சிதைந்து கிடக்கிறது.

இந்த ஒற்றுமை இயல்பாகவே நிலைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. 1946 ஜூலை 29 அன்று, தபால் தந்தி ஊழியர்களுக்கு ஆதரவாக மத பேதமின்றி வேலைநிறுத்தம் செய்த நகரம் இதே கொல்கத்தா. பதினெட்டே நாட்களில், ஆகஸ்ட் 16 அன்று, அது வகுப்புக் கலவரத் தீயில் வெந்தது.

1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவாறே வழிபாட்டுத் தலங்களின் தன்மை தொடர வேண்டும் என்கிறது 1991ஆம் ஆண்டுச் சட்டம். அயோத்திக்கு அது விலக்களித்தது. இன்று அச்சட்டமே நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருக்கிறது. புதிய வழக்குகளைப் பதிவு செய்யக் கூடாதென 2024 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது இடைக்கால உத்தரவே, இறுதித் தீர்ப்பன்று.

எனவே சட்டத்தைக் காக்கும் போராட்டமும், தொழிற்சங்கத்திலும் குடியிருப்பிலும் மக்களை ஒன்றுதிரட்டும் அன்றாடப் பணியும் பிரிக்க முடியாதவை. அப்பணியை ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் மேற்கொள்ள வேண்டும்.