இந்தச் சாலை யார் பொறுப்பு?



வேலைக்கும் கடைக்கும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று போய்வரும் நாம், சாலையில் குழியைக் கண்டால் "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று கடந்துவிடுகிறோம். ஆனால், எல்லாச் சாலைகளும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் இல்லை.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் எண் 2. இவ்வாறு எண் மட்டும் உடையவை கூட்டரசுச் சாலைகள். இவற்றைப் பெரும்பாலும் பொதுப்பணி இலாகா கவனிக்கிறது. எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து 'பி' இருந்தால், அது சிலாங்கூர் மாநிலச் சாலை. டோல் நெடுஞ்சாலைகளைக் குத்தகை நிறுவனங்கள் பராமரிக்கின்றன. 1980இல் அமைந்த மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அவற்றை மேற்பார்வையிடுகிறது. நகரத் தெருக்கள் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தையும், தோட்டத்து உட்சாலைகள் நிர்வாகத்தையும் சார்ந்தவை.

சாலைக்கு முதற்பகை நீர். வெடிப்பில் இறங்கும் மழைநீர் அடித்தளத்தை இளக்குகிறது. கனத்த லோரிகள் ஏற ஏறத் தார் பெயர்ந்து குழி விழுகிறது. நீர் நிறைந்த குழி இரவில் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் வருபவர் உயிருக்கே அது உலை வைக்கும். ஆதலால்தான் கால்வாயைத் துப்புரவாக வைப்பதும், வெடிப்பை உடனே அடைப்பதும் பராமரிப்பின் முதற்பணிகளாகின்றன.

நம் கடமையும் உண்டு. சாலையோரக் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்போம். குழியைக் கண்டால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சாலை எண்ணையும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் குறித்துக்கொள்வோம். உரிய அலுவலகத்திற்கு அன்றே தெரிவிப்போம். இடம் தெளிவாகத் தெரிந்தால், பழுதுபார்ப்போர் தேடி அலைய வேண்டியதில்லை.